ஒன்பது ஊசிக்கு ஓர் ஆள்

மனிதர்களில் ‘ஆள் தெரிந்தவர்’ என்று ஓர் இனம் உண்டு. தொழில் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், நாலு எழுத்துத் தெரிந்தவர் எல்லாம் வேறு ரகம். இவருக்கு அதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை, தெரிந்தவரைத் தெரிந்தால் போதும். பல்வலி என்று நீங்கள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றால் இவர் உங்கள் பல்லைப் பார்க்க மாட்டார். சாத்தூரில் பல் டாக்டர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரின் மருமகனை நினைத்துப் பார்ப்பார். ரயிலில் இடம் கிடைக்கவில்லையா, கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதா, பெண்ணுக்கு மாப்பிள்ளை தகையவில்லையா, காதுகுத்துக்குக் கிடா வேண்டுமா, வாங்கிய கிடா அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதா, எதுவாயிருந்தாலும் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கை உங்கள் தோளில் விழும். “அட, இதுக்கா அலையுதீங்க? நம்ம ஆளு இருக்காரு.”

அந்த ஆளுக்கு இவரைத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது பண்பாடு இல்லை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசும். எதிர்முனையில் எடுத்தவுடன் “என்ன, சௌக்கியமா, அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா, தங்கச்சிக்கு எந்த ஊர்ல குடுத்திருக்கு” என்று ஒரு சுற்றுச் சுற்றிவரும், அந்தச் சுற்று முடிந்ததும் எதிர்முனை தயங்கித் தயங்கி “யாரு பேசுதீங்க?” என்று கேட்கும். கேட்டவுடன் இவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போவார். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். “பேசிட்டேன். நீங்க நேரா போயி என் பேரைச் சொல்லுங்க.” ஒருமுறை எட்டயபுரத்துக்காரர் ஒருவர் அப்படியே ஒரு பத்திர எழுத்தரிடம் போய்ப் பெயரைச் சொன்னார். “அவரு அனுப்புனாரா, அப்ப உக்காருங்க” என்ற எழுத்தர், வரிசையில் பின்னால் நின்றவர்களை எல்லாம் முடித்து அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கோவில்பட்டியில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி பூவனநாதன். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகக் கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் காலண்டருக்கும் ஆர்டர் எடுப்பார்கள். எடுப்பார்கள் என்றால், மனைவி கற்பகம் எடுப்பாள். பூவனநாதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து தெருவில் போகிறவர்களின் கஷ்டங்களை எடுப்பார். கையில் ஒரு பட்டன் போன். அதில் மனிதப் பெயர் அநேகமாக ஒன்றும் கிடையாது. ‘மதுரை லேத்’, ‘கேஸ் கடைத் தம்பி’, ‘கண்ணாஸ்பத்திரி மச்சினன்’, ‘செவப்புக் கார்’. இந்தச் செவப்புக் கார் யார் என்று கற்பகம் ஒருநாள் கேட்டாள். பூவனநாதன் நெடுநேரம் யோசித்தார்.

“முக்கியமான ஆளு” என்றார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் இதற்காக யாரிடமும் ஒரு காப்பி கூட வாங்கிக் குடித்ததில்லை. கவலையோடு வருகிற முகம், ‘நம்ம ஆளு இருக்காரு’ என்றதும் கொஞ்சம் இளகும் பாருங்கள், அந்த இளக்கம்தான் அவருக்குக் கூலி. வேலை நடந்ததா என்று பின்னால் விசாரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கூலிதான் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறதே.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, வைகாசி மாதம். அந்த வருஷம் கரண்டு எப்போது வரும் என்பதற்கு மட்டும் பூவனநாதனுக்கே ஆள் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய பெரியப்பா மகள் சங்கரம்மாள் கடைக்கு வந்தாள். புதூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கரிசல் காடு வைத்து மிளகாயும் பருத்தியும் போடுகிறவள். புருஷன் திருப்பூரில் வேலை பார்த்தார். காட்டையும் ஆடுகளையும் அவள் பார்த்துக்கொண்டாள். கூடவே சாமித்துரை என்கிற ஒல்லியான மனிதர். நிலத்தடி நீர் எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்வது அவர் தொழில்.

“ஏலே பூவனம், ஒனக்குத்தான் ஊரு பூரா ஆளாச்சே. இவிய என்னமோ தேடுதாவ. என்னன்னு கேளு” என்று சொல்லிவிட்டு, சங்கரம்மாள் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

சாமித்துரை விவரத்தைச் சொன்னார். நாலு இரும்புக் கம்பியை மண்ணில் வரிசையாக அடித்து, உள்ளே மின்சாரத்தைச் செலுத்தி, எந்த ஆழத்தில் ஈரம், எந்த ஆழத்தில் பாறை என்று அளக்கிற பெட்டி அது. அளந்ததை அது தானாகச் சொல்லாது. லேப்டாப்பில் மாட்டினால்தான் கோடு போட்டுக் காட்டும். அவருடைய பழைய லேப்டாப் போன மாதம் கரண்டு கூடிக் குறைந்ததில் எரிந்துபோயிற்று.

“புதுசு ஒண்ணு வாங்கிட்டேன் அண்ணாச்சி. ஆனா இப்ப வாரதுல சீரியல் போர்ட்டே வைக்க மாட்டேங்கான். எல்லாம் தட்டையா யூ.எஸ்.பி.தான். மாத்து வயரு போட்டும் பாத்தேன். என் மிஷினு பழசு, சாப்ட்வேரு அதைவிடப் பழசு. அந்த வயரைக் கண்டுக்கிடவே மாட்டேங்கு.”

“கடையில எல்லாம் மேசையில பெரிய கம்ப்யூட்டரு வச்சிருக்காவளே, அதுல இருக்காதா?” என்று உள்ளேயிருந்து கற்பகம் கேட்டாள்.

“அதுல இருக்கு மதினி. காட்டுக்குள்ள கரண்டுக்கு எங்க போக? ஜெனரேட்டர் வச்சா அளவு தாறுமாறா ஓடுது. பேட்டரியில ஓடுற லேப்டாப்பாத்தான் இருக்கணும். கூடவே பொறந்த சீரியல் போர்ட்டா இருக்கணும். இங்கன பாருங்க, இந்த வயரு நுனி போயி மாட்டுற மாதிரி, ஒம்பது ஊசி.”

வயர் நுனியைக் கற்பகம் பார்த்தாள். சங்கரம்மாள் பார்த்தாள். பூவனநாதன் பார்க்கவில்லை. அவர் அதற்குள் போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆள் தெரிந்தவருக்கு ‘யார்’ என்பதுதான் கேள்வி. ‘என்ன’ என்பது மற்றவர்கள் கவலை.

“வெள்ளிக்கிழமை போர் போடுற வண்டி வருது தம்பி” என்றாள் சங்கரம்மாள். “அதுக்குள்ள எடம் பாத்தாகணும். மூணு வருசத்துக்கு முந்தி எங்க வீட்டுக்காரரு கூட்டாளி ஒருத்தன் கையைக் காட்டுன எடத்துல போட்டோம். தண்ணி வரல, பாறைப் புகைதான் வந்துச்சு. இந்தத் தடவ தப்புனா வண்டி ராமநாதபுரம் பக்கம் போயிரும். பெறகு மழை விழுந்துட்டா நம்ம கரிசல்ல வண்டி எறங்குமா? அடுத்த வருசம் வரைக்கும் ஆட்டுக்குத் தண்ணிய நான் தலையிலதான் சொமக்கணும்.”

பூவனநாதனின் கை அக்காள் தோளில் விழுந்தது.

“யக்கா, நீ வீட்டுக்குப் போ. நம்ம ஆளு இருக்காரு.”

சங்கரம்மாளின் முகம் இளகியது. பூவனநாதன் கூலியை வாங்கிக்கொண்டார்.

அவர் முதலில் அழைத்தது ‘நெல்லை கம்ப்யூட்டர்’. செண்பகராஜ் என்று அவருக்கு ஒரு பெயரும், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையும் உண்டு. அப்பா ஆபரேஷன் எல்லாம் விசாரித்து முடித்தபின், அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது என்று தெரிந்துகொண்டு, பூவனநாதன் விஷயத்துக்கு வந்தார்.

“அவசரமா ஒரு லேப்டாப் வேணும் தம்பி. சீரியல் உள்ளதா.”

“சீரியலா?” செண்பகராஜ் யோசித்தார். “எல்லா லேப்டாப்புலயும் பாக்கலாமே அண்ணாச்சி. சி.டி. போட்டுப் பாக்கணும், இல்லன்னா நெட்டு வேணும். அது யாரு, வீட்ல மதினிக்கா?”

சாமித்துரை போனை வாங்கி விளக்க வேண்டியதாயிற்று. செண்பகராஜ் “பழைய மாடல் ரெண்டு மூணு கெடக்கு, வந்து பாருங்க” என்றார். சாமித்துரை தானும் வருவதாகச் சொன்னார். பூவனநாதன் விடவில்லை. “நம்ம ஆளுகிட்ட நாம தனியாப் போனாத்தான் மரியாதை. கூட ஆளைக் கூட்டிட்டுப் போனா நம்ம மேல நம்பிக்கை இல்லைன்னு ஆகிரும்.”

செவ்வாய்க்கிழமை அவர் பேருந்தில் திருநெல்வேலி போனார். சாயங்காலம் மடியில் ஒரு லேப்டாப்பை, கைக்குழந்தையைப் போல, துண்டு போட்டுப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார். கடைவாசலில் சாமித்துரை காத்திருந்தார். பக்கத்து டீக்கடையில் நின்ற நாலைந்து பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பூவனநாதன் துண்டை மெதுவாக விலக்கி, லேப்டாப்பின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். நீல நிறத்தில் ஒரு போர்ட்.

“கண்ணால பாத்து, கையால தடவி வாங்கியாந்தேன். எண்ணிப் பாருங்க.”

சாமித்துரை எண்ணவில்லை. “அண்ணாச்சி, இது டிவி மாதிரி பெரிய திரை மாட்டுறதுக்குள்ளது. பதினஞ்சு ஓட்டை. நமக்கு வேண்டியது ஒம்பது ஊசி.”

“ஒம்பதுக்குப் பதினஞ்சு கூடத்தானே இருக்கு?”

“ஓட்டை அண்ணாச்சி இது. ஊசி வேணும்.”

பூவனநாதன் வயர் நுனியை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். வயரிலும் ஓட்டை, லேப்டாப்பிலும் ஓட்டை. இரண்டையும் ஒன்றோடொன்று வைத்து லேசாக அழுத்திப் பார்த்தார். டீக்கடையிலிருந்து வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். உள்ளே கற்பகம் ஒரு வாடிக்கையாளரிடம் பத்திரிகை மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே, “ரெண்டும் பொண்ணாப் போச்சு. சம்பந்தம் ஒத்து வராது” என்றாள்.

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் சோர்ந்திருப்பார். ஆள் தெரிந்தவருக்குச் சோர்வு கிடையாது. ஓர் ஆள் தவறினால், அவருக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார். புதன்கிழமை காலையிலிருந்து பூவனநாதன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செண்பகராஜ் மதுரையில் பழைய கம்ப்யூட்டர் மொத்தமாக வாங்கி உடைக்கிற ஒருவரைக் காட்டினார். மதுரைக்காரர், நேற்று வரை ஒன்று இருந்தது, உடைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, சிவகாசியில் ஓர் அச்சகத்தைக் காட்டினார். அச்சகத்துக்காரர் தன்னிடம் உள்ள மெஷினுக்கே அப்படி ஒன்று தேடிக்கொண்டிருப்பதாகவும், கிடைத்தால் தனக்கும் சேர்த்துச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். பூவனநாதன் அவருக்கும் வாக்குக் கொடுத்தார். அச்சகத்துக்காரர் நன்றியோடு தூத்துக்குடி நம்பர் ஒன்றைத் தந்தார். சுடலைராஜ் என்று பெயர். துறைமுகத்தில் கப்பல் சாமான் எடுத்து விற்கிறவர், அவரிடம் இல்லாத பொருள் இல்லை.

அந்த நேரம் பார்த்து பூவனநாதனின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. கரண்டும் இல்லை. சாமித்துரை தன் போனில் அந்த நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில்தான். பக்கத்தில் ஆள் தெரிந்தவர் உட்கார்ந்திருக்கும்போது வேறெப்படிப் பேச முடியும்?

சுடலைராஜ் பொறுமையாகக் கேட்டார். ஊசி என்றதும் புரிந்துகொண்டார். “இப்ப கையில இல்லையே” என்றார். பிறகு, “நீங்க எங்கனருந்து பேசுதீங்க?” என்று கேட்டார்.

“கோவில்பட்டி.”

“கோவில்பட்டியா? அட, அங்கனயே வச்சிக்கிட்டு ஏன் தூத்துக்குடி வரைக்கும் போன் போடுதீங்க? பஸ் ஸ்டாண்டு பின்னால நோட்டுக்கடை அண்ணாச்சி ஒருத்தர் இருக்காவ. பூவனநாதன்னு பேரு. நான் நேர்ல பாத்ததில்ல. ஆனா அவியளுக்குத் தெரியாத ஆளே கெடையாதாம். போயி என் பேரைச் சொல்லுங்க.”

சாமித்துரை போனை மெதுவாக மடியில் வைத்தார். கற்பகம் உள்ளே எதையோ எடுக்கப் போகிறவள் போல முதுகைத் திருப்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தலையைக் குனிந்திருப்பீர்கள். பூவனநாதன் நிமிர்ந்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. நாற்காலியில் சற்றுச் சாய்ந்து, காலை நீட்டி, தெருவைப் பார்த்துச் சொன்னார்:

“பாத்தீங்களா சாமித்துரை. தூத்துக்குடி வரைக்கும்.”

சாமித்துரை எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். வண்டியை எடுக்கப் போனவரைப் பூவனநாதன் கூப்பிட்டு, நாளைக்கு எப்படியும் ஒரு வழி பிறக்கும் என்றார். சாமித்துரை பதில் சொன்னார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. “அண்ணாச்சி, அந்த அக்கா உங்களை நம்பித்தான் நான் வேற எங்கயும் தேட வேண்டாம்னு சொல்லிட்டாவ. இல்லன்னா திங்கக்கிழமையே நான் மெட்ராஸுக்கு பஸ் ஏறியிருப்பேன்.”

அவர் போய் நெடுநேரம் பூவனநாதன் போனைத் தொடவில்லை. கரண்டு வந்தது, கற்பகமே அதை எடுத்துச் சார்ஜில் போட்டாள். அக்காள் காட்டில் புகை கிளம்பிய அந்தப் பழைய குழியை அவர் பார்த்திருக்கிறார். ஆடு விழுந்துவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு பலகைக்கல்லைப் போட்டு மூடியிருந்தார்கள். கையைக் காட்டிய அந்தக் கூட்டாளி யாராக இருக்கும் என்று அப்போது அவர் கோபப்பட்டது கூட ஞாபகம் வந்தது. இடத்தைக் கை காட்டுகிறவனும் ஆளைக் கை காட்டுகிறவனும் வேறு வேறா என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வழியே அதை அனுப்பப் பார்த்தார், போகவில்லை.

“போன்ல சொல்லலாமா?” என்று கற்பகத்திடம் கேட்டார்.

“எதை?”

“இல்லைன்னு.”

கற்பகம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. “நேர்ல போயிச் சொல்லுங்க” என்றாள். “உங்க அக்கா ஏசுனா வாங்கிக்கிடுங்க.”

வியாழக்கிழமை முதல் பேருந்தில் பூவனநாதன் புறப்பட்டார். விளாத்திகுளத்தில் மாறி, புதூர்ப் பக்கம் போகிற வண்டியில் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைப் பழகிக்கொண்டு போனார். ‘யக்கா, எனக்கு ஆள் தெரியல.’ சொல்லிப் பார்த்தபோது அது வேறு யாரோ பேசுவது போல இருந்தது. ‘ஆளு ஊர்ல இல்லை’ என்று மாற்றிப் பார்த்தார். அது நாவில் சுலபமாகப் புரண்டது. ‘ஆளு இருக்காரு, சாமான்தான் இல்லை’ என்பது இன்னும் அழகாக இருந்தது. வண்டியிலிருந்து இறங்கி, வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசலில் காட்டை நோக்கி நடந்தபோது, அழகான வாக்கியங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலாவதையே சொல்வதென்று முடிவு செய்தார். வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனார். யக்கா. எனக்கு. ஆள். தெரியல.

காட்டு ஓரத்தில் செல்போன் டவர் நின்றது. அதன் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம், சங்கரம்மாளின் நிலத்தில், இரும்புக் கம்பிகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. நீளநீளமாக வயர் ஓடியது. ஒரு ஜீப்பின் முன்பக்கத்தில், பழைய செங்கல் போலத் தடித்த கறுப்பு லேப்டாப் ஒன்று திறந்திருந்தது. அதன் முன்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு வாலிபர். பக்கத்தில் சாமித்துரை, வெயிலுக்குத் துண்டைத் திரைமேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே தலையை விட்டிருந்தார்.

சங்கரம்மாள் வேப்பமரத்து நிழலில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தாள்.

“யக்கா” என்றார் பூவனநாதன்.

“வாலே. நடந்தா வந்தே? தண்ணி குடி.”

“யக்கா, எனக்கு…”

“பொட்டி கெடைச்சிருச்சு” என்றாள் அவள். “பேசாம இரு, அவிய என்னமோ எண்ணுதாவ.”

பாதி வெளியே வந்த வாக்கியம் திரும்ப உள்ளே போயிற்று.

“யாரு ஆளு, அது?” என்று பூவனநாதன் கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? டவருக்கு வாரவன். பேரு கூடத் தெரியாது. போன மாசம் என் வரப்பு மேல ஜீப்பை ஏத்துனான், நல்லா ஏசிவிட்டேன். நேத்து சாயங்காலம் சாமித்துரை ஒரு மாதிரியா முகத்தை வச்சிக்கிட்டு வந்தாரு. உன் சங்கதியெல்லாம் சொன்னாரு. சரி, அந்த வயரைக் குடும்னு வாங்கி மடியில சொருகிக்கிட்டேன். மாதிரி இல்லாம எந்தக் கடையில நட்டு தாராவ? காலையில ஆடு பத்திட்டு வாரேன், இவன் டவருக்குக் கீழ உக்காந்து ஒரு பொட்டியைத் தொறந்து வச்சிக்கிட்டு டவருக்கு வயரு மாட்டுதான். நம்ம வயரு மாதிரியே இருந்துச்சு. வேலிகிட்ட போயி, தம்பி, இது உன் பொட்டியில சேருமான்னு நீட்டினேன். சேருதுன்னான்.”

“அவ்வளவுதானா?”

“பெறகென்ன? கம்பெனிப் பொட்டி, கைமாத்திக் குடுக்க மாட்டேன்னான். குடுக்க வேண்டாம், நீயே வந்து புடிச்சிக்கோன்னேன். வரப்புல ஏத்தாம வான்னு சொன்னேன். சுத்தித்தான் வந்தான்.”

யாரையும் தெரியாத ஒருத்தி, வழியில் கண்ட ஓர் ஆளிடம், வேண்டியதை நேரே கேட்டிருக்கிறாள். பூவனநாதனுக்கு இந்த முறை புரியவே இல்லை. அப்பா ஆபரேஷனைக் கூட விசாரிக்காமல் எப்படி ஒரு காரியம் நடக்கும்?

சாமித்துரை துண்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். கிழக்கு மூலையில், பழைய குழியிலிருந்து நன்றாகத் தள்ளி, ஓர் இடத்தில் போய் நின்று குதிகாலால் அழுத்தினார். “இங்கன போடச் சொல்லுங்கக்கா. நிறைய இருக்கும்னு சொல்ல மாட்டேன். இருக்கு.” சங்கரம்மாள் எழுந்து போய் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தாள். பிறகு, கல்லை ஆடு தட்டிவிடும் என்று, ஒரு குச்சியையும் ஊன்றினாள்.

லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்த வாலிபரிடம் பூவனநாதன் மெதுவாக நகர்ந்தார்.

“தம்பிக்குப் பேரு?”

“சோலைமுத்துங்க.”

“எந்த ஊரு?”

“விளாத்திகுளம் பக்கம்.”

“விளாத்திகுளமா?” பூவனநாதனின் முதுகு தானாக நிமிர்ந்தது. கை தானாக எழுந்து அந்த வாலிபரின் தோளில் விழுந்தது. “அங்கன எனக்கு ஒரு ஆளு இருக்காரு. அப்பா சௌக்கியமா?”

நிழலுக்குத் திரும்பியிருந்த சங்கரம்மாள் அதைப் பார்த்தாள். ஓர் ஆட்டுக்குட்டியின் காதைத் திருப்பி உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை போர் வண்டி வந்தது. கிழக்கு மூலையில் இறங்கி இரைந்தது. முதலில் கறுப்பு மண், பிறகு வெளுத்த சுக்கான்கல், பிறகு புகை. புகை வந்தபோது சங்கரம்மாள் எழுந்து நின்றாள். வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமித்துரை குனிந்து தரையைப் பார்த்தபடி நின்றார். பூவனநாதனும் அங்கேதான் இருந்தார். போகச் சொல்லியும் போகவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் நின்றது அவர் வாழ்க்கையில் அந்த ஒரு மணி நேரமாகத்தான் இருக்கும். பாறைப்பொடி கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாகி, குழம்பாகி, கடைசியில் தண்ணீர் வந்தது. ஒன்றரை இஞ்சு. கொஞ்சம் உப்பு. சங்கரம்மாள் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டு, “ஆடு குடிக்கும். மிளகாயும் கோவிக்காது” என்றாள். பிறகு திரும்பி நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். பூவனநாதனும் அழுதார். அவர் சத்தமாக அழுதார்.

அதற்கு மறுவாரம் நான் கோவில்பட்டி போயிருந்தபோது அவர் கடை வாசலில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். “எங்கெங்கயோ தேடுனாவ. மதுரை, சிவகாசி, தூத்துக்குடி. கடைசியில யாரு? டவர்ல நம்ம ஆளு இருக்காரு. சோலைமுத்துன்னு. எங்க அக்காளைப் போயி ஒரு வார்த்தை கேக்கச் சொன்னேன், முடிஞ்சுது.” உள்ளே கற்பகம் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மறுக்கவில்லை. சிவகாசி அச்சகத்துக்காரர் வேறு அடுத்து வரப் போகிறார் என்கிற கவலை அவளுக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சாமித்துரை சீரியல் போர்ட் உள்ள லேப்டாப்புக்கு அல்லாடியபோது, உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு துடிப்பு உண்டானதா இல்லையா? ‘அடடா, மெட்ராஸ் ரிச்சி தெருவில் நமக்கு ஒருத்தரைத் தெரியுமே’, ‘மச்சான் ஆபீசில் அப்படி ஒன்று கிடந்ததே’, ‘நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்று பாதிக் கதையிலேயே ஒரு முகம் வந்து நின்றதா? வந்திருந்தால், உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். போனைத் தேடிச் சட்டைப்பைக்குப் போய்விட்டதா?

மெதுவாக வெளியே எடுங்கள். சங்கரம்மாளுக்குத் தண்ணீர் வந்தாயிற்று.